ஏற்காட்டுப் பரணில் 11 கேசட்: மூன்றாவதில் வருகிற குரல் எந்த ரேடியோ ஸ்டேஷன்?

கொண்டலாம்பட்டி ரவுண்டானா (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் ஏற்காட்டில் பெரியப்பா இருந்த வீட்டைக் காலி செய்தோம். எஸ்டேட்டில் ரைட்டராக (கணக்கு எழுதுபவராக) இருந்தவர், ஓய்வு பெற்ற பிறகும் மலையை விட்டு இறங்கவே இல்லை. பரணில் ஒரு தகரப் பெட்டி. உள்ளே காப்பிக்கொட்டை சாக்கில் சுற்றி 11 கேசட். மூன்றில் மட்டும் அவர் கையெழுத்தில் 'சிலோன்' என்று, அதாவது இலங்கை வானொலி என்று, எழுதியிருக்கிறது. மற்றவற்றில் ஒன்றும் இல்லை.

பழைய பாட்டுதானே என்று நினைத்துத்தான் போட்டேன். பாட்டு எல்லாம் இன்று எங்கும் கிடைக்கிற பாட்டு. என்னை உட்கார வைத்தது நடுவில் இருப்பதுதான். பாட்டு முடிந்து அறிவிப்போ விளம்பரமோ தொடங்கினால் பெரியப்பா உடனே பட்டனை அமுக்கி நிறுத்திவிடுவார் போலிருக்கிறது. 'டக்' என்று வெட்டு. அடுத்த பாட்டு. ஆனால் விரல் கொஞ்சம் தாமதமான இடங்களில் அறிவிப்பாளரின் அரை வாக்கியம், ஒரு பல்பொடி விளம்பரத்தின் வால், மணி சொல்கிற குரல் என்று துண்டு துண்டாக மாட்டியிருக்கிறது. ஒரு மணி நேரக் கேசட்டில் இப்படி நாலு நிமிடம் தேறும். எனக்கு அந்த நாலு நிமிடம்தான் வேண்டும்.

மூன்றாவது கேசட்டைக் கோப்பாக மாற்றி இணைத்திருக்கிறேன். அதில் 22ஆவது நிமிடத்தில் வருவதை யாராவது அடையாளம் சொல்ல முடியுமா? சிலோன் பாட்டு ஓடும்போதே வேறொரு ஸ்டேஷன் மேலே ஏறியது போல ஒரு குரல், ராகம் போட்டு. என் காதில் விழுந்தவரை:

'ஒத்த ரூவா சீட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கா லட்சுமி
ஓடிப் போறதுக்கு முன்னால ஓடி வந்து கைப்புடி
கோட்ட மாரி கண்ணு தொறந்தா...'

அதோடு வெட்டு. லாட்டரிச் சீட்டு விளம்பரம் என்பது தெரிகிறது. கோட்டை மாரி என்றால் நம் சேலம் கோட்டை மாரியம்மன்தான். எந்த ஸ்டேஷன், எந்த வருடம்?

தட்டுவடை செட்

அட, என் பள்ளிக்கூட நாட்களைத் தோண்டிவிட்டீர்களே! சிலோனில் காலையில் 'பொங்கும் பூம்புனல்' பாட்டு நிகழ்ச்சி ஓடும்போதுதான் எங்கள் வீட்டில் தலை வாரிவிடுவார்கள். கோபால் பல்பொடி விளம்பரத்தில் இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று நாடுகளை அடுக்குவார்கள் இல்லையா, பூகோளப் பரீட்சையில் அதே வரிசையை எழுதி வைத்தேன். கேள்வி தென் அமெரிக்காவைப் பற்றியது.

உங்கள் சிலோன் துண்டில் பேசுவது அறிவிப்பாளர் கே.எஸ். ராஜாதானே? அந்த வேகம் வேறு யாருக்கு வரும்!

மர்பி மெக்கானிக்

தம்பி, நான் 1971 முதல் சேலம் சின்னக்கடை வீதிப் பக்கம் ரேடியோ ரிப்பேர் பார்த்தவன். ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ கேட்பது ரேடியோ விளம்பரமாகவே இருக்காது.

அந்தக் காலத்தில் சேலத்துக்கென்று தனி நிலையம் கிடையாது. நாங்கள் முள்ளைத் திருப்பிப் பிடித்ததெல்லாம் திருச்சி, சென்னை, கோவை, அப்புறம் சிலோன். கொழும்பில் உட்கார்ந்துகொண்டு நம் ஊர்க் கோட்டை மாரியை எவன் பாடப்போகிறான்? நம் வானொலியின் பாட்டுச் சேவையான விவித பாரதியில் விளம்பரம் என்பதே 1967 நவம்பரில் மும்பை, புனே, நாக்பூரில் தொடங்கி, பிறகுதான் நம் பக்கம் வந்தது. அதிலும் 'ஒத்த ரூவா', 'கைப்புடி' என்று தெருப் பேச்சில் விளம்பரம் போட்டு நான் கேட்டதில்லை. எல்லாம் சட்டை பட்டன் போட்டுக்கொண்டு பேசும்.

அது கிடக்கட்டும். கேசட்டை எதில் போட்டாய்? ஏற்காட்டுப் பரணில் கிடந்தது என்கிறாய். மலை ஈரத்தில் பூசணம் பிடித்திருக்கும். கண்ணாடி வழியாகப் பார், நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பொடி தெரிந்தால் அதைப் போடாதே. ஒன்றைப் போட்டால் மெஷினில் நாடாவைப் படிக்கிற ஹெட்டில் ஒட்டி அடுத்த பத்துக்கும் பரவும்.

கொண்டலாம்பட்டி ரவுண்டானா

ஐயா, இரண்டில் வெள்ளை தெரிகிறது. நல்லவேளை, அவற்றை இன்னும் போடவில்லை. ஏழாவது கேசட்டில் சத்தம் மிக மெலிதாக, போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல வருகிறது. ஏன்?

மர்பி மெக்கானிக்

நாடாவின் முதுகில் ஒரு சின்ன கம்பளித் துண்டு இருக்கும், செம்புத் தகட்டில் ஒட்டி. நாடாவை ஹெட்டோடு சேர்த்து அமுக்குவது அதுதான். பழசானால் பசை காய்ந்து விழுந்துவிடும். ஸ்க்ரூ போட்ட வேறு கேசட் கூடு ஒன்றை எடுத்து இந்த நாடாவை அதில் மாற்று. ஒட்டின கூடாக இருந்தால் பிளேடு வைத்துப் பிளக்க வேண்டும், கையை வெட்டிக்கொள்ளாதே.

கம்பளி சரியாக இருந்தும் மந்தமாகக் கேட்டால் ஹெட்டின் சாய்வு. பதிவு செய்த மெஷினின் ஹெட் ஒரு கோணம், உன் மெஷினின் ஹெட் ஒரு கோணம். ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் மாட்டின ஒரு ஸ்க்ரூ இருக்கும். பாட்டு ஓடும்போதே கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பு. ஜால்ரா சத்தம் பளிச்சென்று தெறிக்கிற இடத்தில் நிறுத்து. ஒவ்வொரு கேசட்டுக்கும் புதிதாகச் செய்ய வேண்டும், சோம்பல்படாதே.

இருபதாம் வளைவு

நான் ஏற்காட்டுக்காரன், ஒண்டிக்கடைப் பக்கம். கேட்டுப் பார்த்தேன். எனக்கு ஒரு சந்தேகம். பின்னால் 'சடக் சடக்' என்று ஒரே சீராக ஒரு சத்தம் ஓடுகிறதே, அது என்ன? மலையில் அப்படி ஒரு சத்தம் நான் கேட்டதே இல்லை. இங்கே ராத்திரியில் ரேடியோவுக்குப் பின்னால் கேட்பது சில்வண்டும் மழையும்தான். இன்னொன்று, மேலே சிலோன் இதைவிடத் தெளிவாக எடுக்கும். கீழே சேலத்தில் மோட்டார், டியூப்லைட் சோக் எல்லாம் சேர்ந்து போடுகிற இரைச்சல் எஸ்டேட்டில் கிடையாது. இந்தப் பதிவில் அந்த இரைச்சல் நன்றாகவே இருக்கிறது. கேசட் மலையில் கிடைத்திருக்கலாம், பதிவு மலையில் நடந்திருக்காது.

நாடாக்கட்டை

அது தறிங்க. இதைக் கூடவா தெரியாது! இருபதாம் வளைவு அண்ணா, நீங்கள் ஒரு முறை சேலம் அம்மாபேட்டைக்கு, எங்கள் தறிக்காரத் தெருவுக்கு வர வேண்டும்.

அதுவும் விசைத்தறி இல்லை. விசைத்தறி மூச்சு விடாமல் ஒரே அடியாக அடிக்கும். இதில் மிதிபலகை இறங்கும் சத்தம், நாடா (கேசட் நாடா இல்லை, குறுக்கு நூலான ஊடையைக் கொண்டுபோகும் கட்டை) பாய்ந்து அந்தப் பக்கம் முட்டும் சத்தம், அச்சு வந்து ஊடையை அடிக்கும் சத்தம் மூன்றும் தனித்தனியாகக் கேட்கிறது. குழித்தறி, குழியில் கால் விட்டு மிதிக்கிற கைத்தறி. 21ஆவது நிமிடத்தில் சத்தம் நின்று கொஞ்ச நேரம் கழித்துத் தொடங்குகிறது பாருங்கள், தார் (நாடாவுக்குள் இருக்கும் நூல் கண்டு) மாற்றியிருப்பார்கள், இல்லை இழை அறுந்திருக்கும். நான் தறிக்குழிக்குப் பக்கத்தில் தூளி கட்டி வளர்ந்தவள், எனக்கு இது தாலாட்டு.

தறிக்கூடத்தில் ரேடியோ இல்லாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. கையும் காலும் வேலையில் இருக்கும், காது சும்மாதானே இருக்கிறது. ஒரு புடவைக்கு எத்தனை பாட்டு ஓடும் என்று அப்பா கணக்கு வைத்திருந்தார்.

டெசிபல்

ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்கிறவன், ஆர்வத்தில் உங்கள் கோப்பை இறக்கி அலைவடிவத்தைப் பார்த்தேன். மூன்று விஷயம்.

லாட்டரிக் குரல் மெல்லத் தொடங்கி, சுமார் 40 விநாடியில் பெரிதாகிக்கொண்டே வருகிறது. அடியில் ஓடுகிற சிலோன் பாட்டின் அளவு அந்த நேரம் முழுக்க மாறவே இல்லை. இரண்டு ஸ்டேஷன் மோதினால் ஒன்று ஏற ஒன்று இறங்கும், கூடவே ஒரு விசில் இழையும். இங்கே அது எதுவும் இல்லை. குரல் நகர்ந்து வருகிறது. அதாவது தெருவில்.

அப்புறம், இந்தப் பதிவு வயர் போட்டு எடுத்தது இல்லை, மைக்கில் எடுத்தது. ரேடியோவும் டேப்பும் ஒரே பெட்டியில் உள்ள டூ-இன்-ஒன்னாக இருந்தால் ரேடியோ சத்தம் உள்ளுக்குள்ளேயே நேராக நாடாவுக்குப் போயிருக்கும், தறிச் சத்தம் கேட்டிருக்கவே கேட்காது. ரேடியோ தனியாக, தட்டையான டேப் ரெக்கார்டர் ஒன்று அதன் முன்னால். தெருவில் போனது எல்லாம் உள்ளே வந்து விழுந்திருக்கிறது.

மூன்றாவது, வேகம். அடியில் ஒரு ரீங்காரம் இருக்கிறது. மின்சார ஹம். நம் நாட்டில் அது 50 ஹெர்ட்ஸில் வர வேண்டும். இதில் 53 காட்டுகிறது. ரேடியோ கரண்டில் ஓடியிருக்கிறது, டேப் ரெக்கார்டர் பேட்டரியில், அதுவும் தீர்ந்துகொண்டிருந்த பேட்டரியில். மெதுவாகச் சுற்றிப் பதிந்ததை இன்று சரியான வேகத்தில் ஓட்டினால் எல்லாம் அவசரமாகக் கேட்கும். திருத்தினேன், அரைச் சுரம் இறங்கியது. தட்டுவடை செட், மன்னிக்கவும், உங்கள் கே.எஸ். ராஜா இப்போது நிதானமாகப் பேசுகிறார்.

தட்டுவடை செட்

என் இளமையின் வேகத்தையே குறைத்துவிட்டீர்கள். சரி, அப்போது அது அப்துல் ஹமீது.

மர்பி மெக்கானிக்

அரை வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஆளைச் சொல்லாதீர்கள். மயில்வாகனம், ராஜேஸ்வரி சண்முகம் என்று அங்கே குரலுக்கா பஞ்சம்? கேட்டவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு பேர் சொல்வார்கள், எல்லோரும் சத்தியமும் செய்வார்கள்.

டெசிபல் சொன்னது சரி. பேட்டரிக்கு அன்று காசு. வெயிலில் வைத்து, கடித்து, திரும்பப் போட்டு ஓட்டுவோம்.

ஸ்டூடியோ மௌனம்

நான் ஒரு புது மென்பொருளில் போட்டு இரைச்சலை எல்லாம் எடுத்துவிட்டேன். இணைத்திருக்கிறேன், கேளுங்கள். கண்ணாடி மாதிரி இருக்கிறது. இவ்வளவு பழைய பதிவு என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

நாடாக்கட்டை

கேட்டேன். தறி எங்கே? லாட்டரிக்காரர் எங்கே?

ஸ்டூடியோ மௌனம்

அவை பின்னணி இரைச்சல் என்று மென்பொருள் முடிவு செய்துவிட்டது. பாட்டு தெளிவாக இருக்கிறதே?

கொண்டலாம்பட்டி ரவுண்டானா

அந்தப் பாட்டு என் போனிலேயே இருக்கிறது, அண்ணா. பெரியப்பா பட்டனை வைத்துச் செய்ததை உங்கள் மென்பொருள் இன்னும் கச்சிதமாகச் செய்துவிட்டது.

டெசிபல்

ரவுண்டானா, ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. கரகரப்பு, இருமல், நாய், எல்லாம் இருக்கட்டும். அதைத் தொடாமல் இரண்டு இடத்தில் வையுங்கள். வேகம் திருத்துவது, சுத்தம் செய்வது எல்லாம் நகலில். இன்று நாம் இரைச்சல் என்று எறிவதில் என்ன இருக்கும் என்று நமக்கு எப்படித் தெரியும்? ரஹ்மான் சினிமாவுக்கு வருமுன் போட்ட லியோ காப்பி விளம்பர இசையை இப்போது தேடிப்பிடித்துக் கேட்கிறார்கள். அது முதலில் வந்த நாளில் எத்தனை பேர் ரிமோட்டைத் தேடினார்களோ.

கேஸ் கட்டு

வக்கீல் புத்தி, குறுக்கே பேசுகிறேன். பொதுவில் போடுமுன் கொஞ்சம் யோசியுங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிபரப்பு நிறுவனத்துக்கு உள்ள உரிமை 25 வருடம். அது முடிந்திருக்கும். ஆனால் உள்ளே ஓடும் பாட்டின் ஒலிப்பதிவுக்கு 60 வருடம். இரண்டும் வேறு வேறு. முழுப் பாட்டையும் ஏற்றினால் தானியங்கிப் பொறி பத்து நிமிடத்தில் பிடித்துவிடும். விளம்பரப் பாட்டும் ஒருவரின் படைப்புதான், ஆனாலும் ஆராய்ச்சிக்காகச் சில விநாடித் துண்டைப் போட்டுப் பேசுவது வேறு. லாட்டரிக்காரர் பாட்டுக்கு யாரிடம் போய் அனுமதி கேட்பீர்கள் என்றுதான் தெரியவில்லை.

வருடம் கண்டுபிடிக்க ஏதாவது செய்தி, விலை, தேர்தல் மாதிரி கேசட்டில் மாட்டியிருக்கிறதா?

கொண்டலாம்பட்டி ரவுண்டானா

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். 17ஆவது நிமிடத்தில் ஆகாசவாணிச் செய்தி கொஞ்சம் இருக்கிறது. வாசிப்பவர் பெயர் இல்லை, நடுவில் தொடங்குகிறது. ஸ்கைலாப் இந்தியப் பெருங்கடலிலும் ஆஸ்திரேலியாவிலும் விழுந்துவிட்டது, இந்தியாவுக்குச் சேதம் இல்லை என்று வருகிறது.

கேஸ் கட்டு

வருடம் என்ன, தேதியே கிடைத்துவிட்டது! அமெரிக்க விண்வெளிக்கூடம் ஸ்கைலாப் விழுந்தது 1979 ஜூலை 11. நம் நேரத்துக்கு இரவு பத்து மணி தாண்டி. அப்படியானால் நீங்கள் கேட்பது மறுநாள் காலைச் செய்தி. ஜூலை 12, வியாழன்.

மர்பி மெக்கானிக்

அவசரப்படாதீர்கள். செய்தியும் லாட்டரியும் ஒரே கேசட்டில் இருந்தால் ஒரே நாள் ஆகிவிடுமா? மேலே மேலே அழித்துப் பதிவு செய்வதுதான் அன்றைய வழக்கம்.

டெசிபல்

பார்த்துவிட்டேன், ஐயா. ரெக்கார்டரை நிறுத்தித் தொடங்கும் இடத்தில் எல்லாம் அலைவடிவத்தில் ஒரு கூர் முள் நிற்கிறது. 17 முதல் 22 வரை முள்ளே இல்லை. செய்தி முடிகிறது, யாரோ ஸ்டேஷன் மாற்றுகிற கீச்சு கேட்கிறது, சிலோன் பாட்டு வருகிறது. 21இல் நின்று தொடங்கும் அந்த ஒரு இடம் தவிர, தறி ஒரே வேகத்தில் ஓடுகிறது. லாட்டரி வரி அறுபடும் இடத்தில்தான் அடுத்த முள். ரேடியோவில் பாட்டு முடிந்து விளம்பரம் தொடங்கியிருக்கும், உங்கள் பெரியப்பா பழக்கப்படி அமுக்கிவிட்டார்.

தட்டுவடை செட்

ஸ்கைலாப்! முந்தின நாள் எங்கள் தெருவில் கோழி அடித்துக் குழம்பு வைத்தார்கள். செத்தாலும் சாப்பிட்டுவிட்டுச் சாவோம் என்று. காலையில் எல்லோரும் உயிரோடு எழுந்து, கோழி போய்விட்டதே என்று உட்கார்ந்திருந்தோம்.

இருபதாம் வளைவு

ஒரு சின்னக் கேள்வி. ஆகாசவாணியில் செய்தி கேட்டவுடன் ஏன் எல்லோரும் சிலோனுக்கு ஓடினார்கள்? எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

மர்பி மெக்கானிக்

அதற்கு ஒரு கதை உண்டு. ஐம்பதுகளில் கேஸ்கர் என்று ஒரு ஒலிபரப்பு மந்திரி. சினிமாப் பாட்டு மட்டம் என்று அகில இந்திய வானொலியில் கதவைச் சாத்தினார். சனம் கதவைத் தட்டிக்கொண்டா நிற்கும்? முள்ளைத் திருப்பியது. சிலோன்காரன் 1950லேயே வர்த்தக ஒலிபரப்பு தொடங்கித் தயாராக இருந்தான். 1957இல் விவித பாரதி கொண்டுவந்து இழுத்துப் பார்த்தார்கள், கொஞ்சம் திரும்பினோம். ஆனால் பழக்கம் போகுமா? என் கடைக்கு ரிப்பேருக்கு வந்த ரேடியோவில் பாதிக்கு மேல் முள் சிலோனிலேயே நின்றிருக்கும். மற்ற இடத்தில் டயல் நூல் தேயாது, அங்கே மட்டும் தேய்ந்திருக்கும்.

வானொலியைக் குறை சொல்லவும் மாட்டேன். 'வயலும் வாழ்வும்' விவசாய நிகழ்ச்சி அதில்தானே வந்தது. ஆடுதுறை 27 நெல்லை ரேடியோவில் சொல்லிச் சொல்லிப் பரப்பி, தஞ்சாவூர்ப் பக்கம் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர்.

கொண்டலாம்பட்டி ரவுண்டானா

பெட்டியின் அடியில் இருந்த காகிதங்களை இன்று பிரித்தேன். தபால் ஆபீசில் ஸ்டாம்பு ஒட்டிக் கொடுக்கும் பழைய ரேடியோ லைசென்ஸ் புத்தகம் ஒன்று. பேர் பெரியம்மாவின் அப்பா. விலாசம் அம்மாபேட்டை. ஆக, ரேடியோவும் தறியும் பெரியம்மாவின் தாய்வீடு. பெரியப்பா லீவில் மலை இறங்கி மாமனார் வீட்டுக்கு வரும்போது டேப் ரெக்கார்டரையும் தூக்கிக்கொண்டு வந்து பதிவு செய்து, திரும்ப மேலே கொண்டு போயிருக்கிறார். சிலோன் மலையிலேயே நன்றாக எடுக்கும் என்று இருபதாம் வளைவு சொல்கிறார். அப்புறம் எதற்குக் கீழே வந்து பதிவு செய்தார் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். மேலே அவரிடம் ரேடியோ இல்லையா, இல்லை பெரியம்மாவுக்காக அந்த வீட்டின் சத்தத்தை எடுத்துப் போனாரா? கேட்க இருவரும் இல்லை.

நாடாக்கட்டை

அம்மாபேட்டை என்றதும் எனக்கு உட்கார முடியவில்லை. அந்த லாட்டரிக் குரல் துண்டை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன், டெசிபல் அண்ணா வேகம் திருத்திய பதிவை. அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். 'மூணு சக்கர வண்டிக்காரரு' என்றார். வண்டியின் முன்னால் ஒரு குழாய் ஸ்பீக்கர், சீட்டுகளைத் துணிக்கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டுக்கொண்டு வருவாராம். பேர் அம்மாவுக்கும் தெரியாது. காலையில் தறி ஏறும் நேரத்துக்கு ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. சீட்டு வாங்காதவர்களும் வாசலுக்கு வந்து கேட்பார்களாம். 2003இல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தபோது அவர் உயிரோடு இருந்தாரா என்பதுகூட நினைவில்லை என்கிறார்.

நீங்கள் எழுதியதில் ஒரு திருத்தமும் சொன்னார். 'ஒளிஞ்சிருக்கா' இல்லையாம், 'ஒக்காந்திருக்கா'. அப்புறம், வெட்டுப்பட்ட வரியை அவரே பாடிவிட்டார்:

'கோட்ட மாரி கண்ணு தொறந்தா
கூர வீடும் கோபுரம்'

கொண்டலாம்பட்டி ரவுண்டானா

கைகள் நடுங்குகின்றன. அம்மாவைப் போனிலேயே ஒரு தடவை பாடச் சொல்லிப் பதிவு செய்துவிடுங்கள், தயவுசெய்து. பின்னால் குக்கர் விசில் கேட்டாலும் பரவாயில்லை, நிறுத்தாதீர்கள்.

மர்பி மெக்கானிக்

ரவுண்டானா தம்பி, அந்த வெள்ளைப் பொடி பிடித்த இரண்டையும் ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வா. கடை மூடிவிட்டேன், வீட்டில் மெஷின் இருக்கிறது. வரும்போது ஸ்க்ரூ போட்ட காலிக் கூடு நாலு கொண்டு வா, என்னிடம் தீர்ந்துவிட்டது.